பி.பி. நார்மல் ஆயிடுச்சே... இன்னும் எதுக்கு மாத்திரை?

ரத்த அழுத்த மாத்திரையை நடுவில் நிறுத்தியவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். "ஒத்துக்கல", "மறந்துட்டேன்", "பழகிடுமோன்னு பயம்" என்று பல பதில்கள் வரும். எல்லா வீடுகளிலும் கேட்கிற பதில் ஒன்று உண்டு. "அதான் நார்மல் ஆயிடுச்சே!"

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. காய்ச்சல் விட்டால் பாராசிட்டமாலை நிறுத்திவிடுகிறோம். தலைவலி போனால் தைல டப்பாவை மூடிவைக்கிறோம். 158 காட்டிய மெஷின் 128 காட்டினால், இந்த மாத்திரையை மட்டும் ஏன் தொடர வேண்டும்?

பதில் மெஷினில் இல்லை. நம் ரத்தக்குழாய்களின் உள்பக்கத்தில், கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலத்தில் இருக்கிறது. பி.பி. மாத்திரை காப்பாற்றுவது அந்தப் படலத்தைத்தான்.

நாலு நாள் விட்டும் ஒன்றும் ஆகவில்லை!

கடலூர் மாவட்டம் ஸ்ரீமுஷ்ணத்தைச் சேர்ந்த 58 வயதுக்காரர் அவர். பெயர் வேண்டாமே. பக்கத்து விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்கூடம் ஒன்றில் முப்பது வருடமாக வேலை. அகல்விளக்கு, கொலு பொம்மை, கப் எனச் சூளைக்குப் போகும் பொருள்களுக்கு கிளேஸ் பூசுவது அவர் வேலை. காலை பஸ் பிடித்தால் இருட்டிய பிறகுதான் வீடு.

ஒரு முகாமில் பார்த்தபோது 158/96. மறுபடி இரண்டு தடவை பார்த்தும் 150-க்குக் கீழே இறங்கவில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். தினம் ஒன்று. இரண்டு மாதத்தில் 128/82-க்கு வந்துவிட்டது.

அப்புறம் மாசி மகம் வந்தது. பூவராக சுவாமி தீர்த்தவாரிக்குக் கிள்ளைக்குப் புறப்படும் நேரம். வீடு நிறைய உறவுக்காரர்கள். அந்த அலைச்சலில் நாலு நாள் மாத்திரையை மறந்துவிட்டார். ஐந்தாம் நாள் பயந்துகொண்டே மெடிக்கல் ஷாப்பில் பார்த்தால் 134/84. "நாலு நாள் போடலைன்னாலும் ஏறலையே... அப்போ நமக்கு சரியாயிடுச்சு" என்று அன்றே முடிவு கட்டிவிட்டார்.

அவர் கணக்கு தவறிய இடம் இதுதான். அம்லோடிபின் உடம்பில் நெடுநேரம் தங்கும் மருந்து. போட்ட அளவில் பாதி கரையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய சில நாள்களுக்கு, பழைய மாத்திரைதான் வேலை பார்த்துக்கொண்டிருக்கும். மின்விசிறி ஸ்விட்சை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் சுற்றுமே, அப்படி. அந்த 134 அவர் உடம்பு தந்த எண் இல்லை, மிச்சமிருந்த மருந்து தந்த எண்.

வீட்டுக்கு மாத்திரை கொண்டுவரும் சுகாதாரத் தன்னார்வலர் அடுத்த மாதம் வந்தபோது, பழைய அட்டை பாதிக்கு மேல் பிரிக்காமல் அப்படியே இருந்தது.

"என்னா பெரியப்பா, போடலையா?"

"எனக்குத்தான் ஒண்ணும் பண்ணலையேம்மா. தலை சுத்தல் இல்ல, மயக்கம் இல்ல. தேவையில்லாம எதுக்கு மருந்து?"

"பெரிய பெரியப்பாவும் இதேதான சொன்னாரு?"

அவர் பதில் பேசவில்லை. அவருடைய அண்ணன் பக்கவாதம் வந்து இரண்டு வருடம் படுக்கையில் கிடந்தவர். வலது கை, வலது கால் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறியது. குளிப்பாட்டி, சோறு ஊட்டி, புரட்டிப் படுக்கவைத்ததெல்லாம் இவர்தான். அண்ணனும் பி.பி. மாத்திரையைப் பாதியில் விட்டவர்.

தன்னார்வலர் பையில் இருந்து மெஷினை எடுத்துப் பார்த்தார். 162/98.

கப்பில் விழும் மயிரிழை விரிசல்

மறுநாள் சுகாதார நிலையத்தில் சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்தார்கள். லேசாகப் புரதம் போயிருந்தது. திட்டு விழும் என்று நினைத்துப் போனவரிடம் டாக்டர் கேட்டது வேறு கேள்வி.

"என்ன வேலை பாக்குறீங்க?"

"செராமிக் கம்பெனில கிளேஸ் போடுறேன் சார்."

"அப்போ உங்களுக்குச் சொல்றது சுலபம்" என்றார் டாக்டர்.

ஒரு முறை சுட்டெடுத்த கப், கிளேஸ் பூசுவதற்கு முன்பு தண்ணீரை உறிஞ்சும். டீ ஊற்றினால் கறை உள்ளே இறங்கிவிடும். கிளேஸ் பூசி மறுபடி சூளையில் வைத்தால் அந்தப் பூச்சு உருகி, கண்ணாடி மாதிரி படிந்துவிடும். பிறகு எதை ஊற்றினாலும் ஒட்டாது. சூடும் குளிருமாக மாறிமாறிப் பட்டு அந்தப் பூச்சில் மயிரிழை விரிசல் விழுந்தால், கப் உடையாமல்தான் இருக்கும். ஆனால், கறை அந்த விரிசலில் இறங்கத் தொடங்கும். இது முப்பது வருடம் கிளேஸ் போட்டவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரத்தக்குழாய்க்கும் உள்பூச்சு உண்டு. எண்டோதீலியம் என்பது அதன் பெயர். இதயத்தில் தொடங்கி விரல் நுனியில் இருக்கும் மயிரிழைக் குழாய் வரை, ரத்தம் ஓடும் இடமெல்லாம் இந்தப் படலம் விரித்திருக்கிறது. ஒரே ஒரு செல் அளவுதான் தடிமன். தரைக்கு ஓடு பதித்த மாதிரி செல்கள் ஒன்றையொன்று ஒட்டி நிற்கும். ரத்தம் உறையாமல் வழுக்கிக்கொண்டு ஓடுவதும், கொழுப்பு சுவருக்குள் நுழையாமல் இருப்பதும் இதனால்தான்.

பூச்சு என்று சொன்னாலும் இது சும்மா இருக்கும் பூச்சு அல்ல. உயிருள்ளது. குழாய் எப்போது விரிய வேண்டும், எப்போது சுருங்க வேண்டும் என்று சுவரில் உள்ள தசைக்குச் சொல்வதும் இதுதான்.

முயல் சொன்ன ரகசியம்

இந்தப் படலத்துக்கு இவ்வளவு வேலை இருக்கிறது என்பது சுமார் 45 வருடத்துக்கு முன்புதான் தெரியவந்தது. நியூயார்க்கில் ராபர்ட் ஃபர்ச்காட் என்ற விஞ்ஞானி முயலின் பெருந்தமனித் துண்டுகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். ஒரு குறிப்பிட்ட ரசாயனத்தை விட்டால் அந்தத் துண்டுகள் எப்போதும் சுருங்கும். 1978-ல் உதவியாளர் சோதனையின் வரிசையை மாற்றிச் செய்துவிட, அதே ரசாயனத்துக்குத் துண்டு சுருங்காமல் விரிந்தது.

ஏன் என்று துருவியபோது உண்மை பிடிபட்டது. முன்பெல்லாம் துண்டு வெட்டும்போது உள்பக்கம் எங்காவது உரசி, அந்த மெல்லிய படலம் உரிந்துவிடும். இந்த முறை அது உரியாமல் தப்பித்திருந்தது. படலம் இருந்தால் குழாய் விரிகிறது, இல்லாவிட்டால் சுருங்குகிறது. அப்படியானால் படலத்திலிருந்து ஏதோ ஒன்று கிளம்பித் தசையைத் தளர்த்துகிறது! 1980-ல் இதை அவர் வெளியிட்டார்.

அந்த 'ஏதோ ஒன்று' நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு எனப் பின்னர் தெரிந்தது. சில விநாடிகள் மட்டுமே இருந்து மறையும் வாயு. அதற்குள் தசையைத் தளர்த்தி, தட்டணுக்கள் ஒட்டாமல் தடுத்துவிடுகிறது. ஃபர்ச்காட், லூயிஸ் இக்னாரோ, ஃபெரிட் முராத் ஆகிய மூவருக்கும் 1998-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

அழுத்தம் ஏறினால் உள்ளே என்ன நடக்கிறது?

இதயம் நிமிடத்துக்கு 72 தடவை என்று வைத்தாலும் ஒரு நாளைக்கு ஒரு லட்சம் தடவைக்கு மேல் துடிக்கிறது. ஒவ்வொரு துடிப்பும் படலத்தின் மேல் ஓர் அலை. அளவான அலை நல்லது. அது வருடிப் போகும்போதுதான் படலம் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கிறது. அளவுக்கு மீறிய அலை, அதுவும் இரவு பகலாக வருடக்கணக்கில் அடித்தால், படலம் களைத்துப்போகிறது.

களைத்த படலம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைவாகச் சுரக்கும். சுரந்த கொஞ்சத்தையும் உடம்பில் கூடிப்போன தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் அழித்துவிடும். குழாய் விரிய மறுக்கும். விரியாததால் அழுத்தம் இன்னும் கூடும். கூடிய அழுத்தம் படலத்தை மேலும் கெடுக்கும். இப்படி ஒன்றையொன்று தூக்கிவிடும் சுழல் அது. செல்களுக்கு நடுவே விழும் இடைவெளியில் கெட்ட கொழுப்பு நுழைந்து படியத் தொடங்கும்.

இதில் எதுவும் வலிக்காது. படலம் கெடுவதை உணர்த்த நமக்கு வழியே இல்லை. அதனால்தான் "எனக்கு ஒண்ணும் பண்ணலையே" என்ற பேச்சு மெய்யாகவும் இருக்கிறது, ஆபத்தாகவும் இருக்கிறது. முதலில் அடி வாங்குவது நுண்குழாய்கள் நிறைந்த உறுப்புகள். சிறுநீரகத்தின் வடிகட்டியில் ஓட்டை பெரிதானால் புரதம் கசியும். கண்ணின் விழித்திரையில் குழாய்கள் குறுகும். மூளையில் நுண்குழாய் அடைத்தாலோ வெடித்தாலோ பக்கவாதம்.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரரின் சிறுநீரில் தெரிந்த அந்தக் கொஞ்சம் புரதம், டாக்டரின் கணக்கில் கப்பில் தெரிந்த முதல் டீக்கறை.

"கிளேஸ் வெடிச்சிட்டா திரும்பச் சூளையில வச்சாலும் பழையபடி வராதே சார்?" என்று கேட்டார் அவர். குரல் இறங்கியிருந்தது.

"கிளேஸுக்கு உயிர் இல்ல, அதனால வராது. இதுக்கு உயிர் இருக்கு. அடி விழுறது நின்னா தானே ஆறும். நீங்க பண்ண வேண்டியது அடியை நிறுத்துறதுதான்" என்றார் டாக்டர்.

மாத்திரை எப்படிக் காப்பாற்றுகிறது?

எல்லா பி.பி. மாத்திரைகளும் செய்யும் பொதுவான உதவி, அலையின் வேகத்தைக் குறைப்பது. படலத்துக்கு அதுவே பெரிய ஓய்வு. அதற்கு மேல் ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு வழியில் போகிறது.

அம்லோடிபின், குழாய்ச் சுவரின் தசைக்குள் கால்சியம் நுழைவதைக் குறைக்கும். தசை தளரும், குழாய் விரியும்.

எனலாப்ரில் வகை மருந்துகளின் கதை பாம்பில் தொடங்குகிறது. பிரேசிலில் ஜராராக்கா என்றொரு விரியன் உண்டு. அது கடித்தவர்களுக்கு ரத்த அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும். அந்த விஷத்தில் இருந்த பொருளை 1965-ல் செர்ஜியோ ஃபெரைரா என்ற பிரேசில் விஞ்ஞானி கண்டுபிடித்தார். அதைப் பின்பற்றி உருவான கேப்டோப்ரில் மாத்திரைக்கு 1981-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. எனலாப்ரில் அதன் தம்பி. குழாயைச் சுருக்கும் 'ஆஞ்சியோடென்சின் 2' என்ற பொருளைத் தயாரிக்கும் நொதி, எண்டோதீலியப் படலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. இந்த மருந்துகள் அந்த நொதியின் கையைக் கட்டிப்போடுகின்றன. அதே நொதி, படலத்தை நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைக்கும் பிராடிகினின் என்ற பொருளையும் அழிக்கும் வேலை செய்கிறது. கை கட்டப்பட்டதும் பிராடிகினின் தப்பிக்கிறது. ஆக, ஒரே மாத்திரையில் இரண்டு லாபம். இந்த பிராடிகினின் சேர்வதால்தான் சிலருக்கு வறட்டு இருமலும் வருகிறது.

லோசார்டான், டெல்மிசார்டான் வகை மருந்துகள் வேறு இடத்தில் தடுக்கின்றன. ஆஞ்சியோடென்சின் 2 தயாரானாலும், அது போய் உட்காரும் இருக்கையை இவை பிடித்துக்கொள்ளும். இருமல் தொல்லை இதில் குறைவு. சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்கு இந்த இரண்டு வகைகளில் ஒன்றையே டாக்டர்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள்.

படலம் உண்மையிலேயே ஆறுகிறதா? கனடாவின் மான்ட்ரியல் நகரில் எர்னெஸ்டோ ஷிஃப்ரின் குழுவினர் இதை நேரடியாகப் பார்த்தார்கள். பி.பி. நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு லோசார்டான், இன்னொரு பிரிவினருக்கு அட்டெனலால் என்று ஒரு வருடம் கொடுத்தார்கள். பிறகு அவர்களின் பிட்டத்தில் தோலுக்கு அடியிலிருந்து சிறு திசுத் துண்டை எடுத்து, அதிலுள்ள நுண்தமனிகளைச் சோதித்தார்கள். இரு பிரிவினருக்கும் அழுத்தம் ஒரே மாதிரி இறங்கியிருந்தது. ஆனால், லோசார்டான் எடுத்தவர்களின் குழாய்ச் சுவரும் படலத்தின் வேலையும் ஏறக்குறைய இயல்புக்குத் திரும்பியிருந்தன. அட்டெனலால் பிரிவில் அந்த மாற்றம் இல்லை. 2000-ல் வெளியான ஆய்வு இது.

இதைப் படித்துவிட்டு, "என் மாத்திரை அட்டெனலால் ஆச்சே" என்று நாளைக்கே நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து. நெஞ்சுவலி, படபடப்பு உள்ளவர்களுக்கு அதைக் கொடுக்கத் தனிக் காரணம் இருக்கும். அதைத் திடீரென நிறுத்தினால் இதயத்துக்குக் கெடுதல். எந்த மாத்திரை என்பதைவிட அழுத்தம் இறங்கி, இறங்கிய இடத்திலேயே நிற்கிறதா என்பது முக்கியம். 48 ஆய்வுகளில் கலந்துகொண்ட சுமார் 3.45 லட்சம் பேரின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் வெளியான முடிவு இதைத்தான் சொல்கிறது. மேல் அளவு வெறும் 5 புள்ளி குறைந்தாலே மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் சுமார் 10 சதவிகிதம் குறைகின்றன.

வீடு தேடி வரும் மாத்திரை

தமிழ்நாடு அரசு 2020-ல் எடுத்த கணக்கெடுப்பில், பெரியவர்களில் மூன்றில் ஒருவருக்கு, அதாவது 33.9 சதவிகிதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அதைக் கட்டுக்குள் வைத்திருந்தவர்கள் அவர்களில் 7.3 சதவிகிதம் மட்டுமே. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் தொடங்கியது. பி.பி., சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரத் தொடங்கின. அடுத்த கணக்கெடுப்பில் கட்டுக்குள் இருப்பவர்கள் 17 சதவிகிதமாக உயர்ந்திருந்தார்கள். 2024-ல் ஐ.நா. அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது.

ஏற்றம்தான். ஆனால், இன்னும் நூற்றில் எண்பதுக்கு மேற்பட்டவர்களுக்கு அழுத்தம் கட்டுக்குள் இல்லை. மாத்திரை வாசல் வரை வந்துவிடும். வாய்க்குள் போவது நம் கையில்தான் இருக்கிறது.

ஸ்ரீமுஷ்ணத்துக்காரருக்கு அம்லோடிபினோடு டெல்மிசார்டானும் சேர்த்தார்கள். சில வாரம் கழித்து ரத்தத்தில் கிரியாட்டினின், பொட்டாசியம் பார்த்தார்கள். ஆறு மாதம் விடாமல் போட்டபின் அழுத்தம் 126/80. சிறுநீரில் புரதம் தென்படவில்லை. அந்தச் சீட்டை வீட்டில் எல்லோருக்கும் காட்டினாராம். அண்ணன் மகனையும் கூட்டிப்போய் பி.பி. பார்க்கவைத்தார். 34 வயதுதான் ஆகிறது. 146/92 இருந்தது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

* தினமும் ஒரே நேரத்தில் மாத்திரை போடுங்கள். காலையோ இரவோ, மறக்காத நேரம்தான் சரியான நேரம். மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போட வேண்டாம்.

* பி.பி. பார்க்கும் முன் 5 நிமிடம் முதுகு சாய்ந்து உட்காருங்கள். அரை மணி நேரத்துக்கு முன்பு வரை டீ, காபி, புகை வேண்டாம். பார்க்கும்போது பேசாதீர்கள்.

* அம்லோடிபினால் கால் வீக்கம், எனலாப்ரிலால் வறட்டு இருமல் வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். மாற்று மாத்திரை உண்டு. தொல்லை என்று நீங்களே நிறுத்துவதுதான் பெரிய தொல்லை.

* மூட்டுவலிக்குக் கடையில் தானாக வாங்கிப் போடும் வலி மாத்திரைகள் பலவும் பி.பி.யை ஏற்றும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். வாங்கும் முன் கேளுங்கள்.

* கர்ப்பமாக இருப்பவர்களும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் வகைகளை எடுக்கக் கூடாது. உடனே டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.

* உப்பு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்கட்டும். ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும். புகையை விடுவதும் தினசரி நடையும் படலத்துக்கு நேரடியாக நல்லது.

* வருடத்துக்கு ஒரு முறை சிறுநீரில் புரதம், ரத்தத்தில் கிரியாட்டினின், கண்ணில் விழித்திரை, இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

எடை குறைந்து, உப்பு குறைந்து, நடை கூடினால் சிலருக்கு மாத்திரையின் அளவு குறையவும் செய்யும். ஆனால், அதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும், மெடிக்கல் ஷாப் மெஷின் அல்ல.

அடுத்த முறை மெஷினில் 128 வந்தால் சந்தோஷப்படுங்கள். 'நோய் போயிடுச்சு' என்று மட்டும் அதைப் படிக்காதீர்கள். 'மாத்திரை வேலை செய்கிறது, உள்ளே படலம் ஆறிக்கொண்டிருக்கிறது' என்று படியுங்கள். அது ஆற இன்றைய மாத்திரையும் வேண்டும், நாளைய மாத்திரையும் வேண்டும்.